கதவைத் தட்டிவிட்டு விண்ணப்பம் போடுவோம்

(சங்க மண்டபத்தில் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைச் சற்றுத் திருத்தி எழுத்தில் தந்திருக்கிறோம்.)





எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'வணிகமும் சட்டமும்'. அது பெரிய கடல். அதில் ஒரே ஒரு படகை மட்டும் இன்று பார்ப்போம். கடையை இடித்துக் கட்டவோ, பின்னால் நீட்டவோ, வீட்டைக் கடையாக மாற்றவோ நாம் நினைக்கும்போது, பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒரு கடிதம் போகிறதே, அதைப் பற்றிப் பேசப் போகிறோம். 'நாங்கள்' என்று சொல்லும்போதெல்லாம் மசாலாக் கடை நடத்தும் அண்ணன் தம்பி மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தவறு செய்ததும் மூன்று பேரும் சேர்ந்துதான்.

நம்மில் பலருக்கு லைசென்ஸ் தெரியும். வருடா வருடம் புதுப்பிக்கிறோம், போர்டு லைசென்ஸும் சேர்த்து. ஆனால் லைசென்ஸ் வேறு, கட்டட பிளான் வேறு, அதற்கும் முன்னால் வாங்க வேண்டிய கெபெனாரான் மெரன்சாங் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், தீபகற்பத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. கட்டடம் கட்டுவது மட்டும் அல்ல, இருக்கிற கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினாலும் அனுமதி வேண்டும். மேல்மாடி குடியிருப்பாக இருந்தது, அங்கே மசாலா பொட்டலம் கட்டப் போகிறோம் என்றால் அதுவும் மாற்றம்தான். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்கு மட்டும் 1982இல் தனிச் சட்டம் வந்தது. அங்குள்ள நம் உறவினர்கள் அதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

இந்த 172ஆம் சட்டத்தின் 21ஆம் பிரிவு, 6ஆம் உட்பிரிவுதான் நம் படகு. அந்த இடத்துக்கு லோக்கல் பிளான் இன்னும் அமலில் இல்லை என்றால், ஊராட்சி மன்றம் பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் காரணத்துடன் சொல்லலாம். ஆட்சேபம் வந்தால் 30 நாளுக்குள் மன்றம் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

பக்கத்து நிலம் என்றால் எது? சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சட்டம் அதைவிடத் தூரம் பார்க்கிறது. நடுவில் சாலை, சந்து, சாக்கடை இருந்தாலும், அதன் அகலம் 20 மீட்டருக்கு மேல் போகவில்லை என்றால் அந்தப் பக்கத்து நிலமும் அண்டை நிலம்தான். நம் நிலத்துக்குப் போகும் வழி முட்டுச்சந்து என்றால், அதே சந்தைப் பயன்படுத்தும் 200 மீட்டர் வரையிலான நிலங்களும் அண்டை நிலங்கள். இதை எழுதியவர் யாராக இருந்தாலும், முட்டுச்சந்தில் குடியிருந்து லோரி திரும்ப முடியாமல் அவதிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி எங்கள் கதை.

எங்கள் கடை ஜெலுத்தோங் பக்கத்தில் இருக்கும் பழைய கடைவீட்டு வரிசையில் ஒன்று. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் வெளியே கொடுத்து அரைத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கலப்படம் பயமாக இருந்தது, கூலியும் ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளுக்கு முன், பின்கட்டை நீட்டி அரைவை எந்திரம் போடுவது, மேல்மாடியில் பொட்டலம் கட்டுவது என்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா படித்தவர் என்பதால் பிளானைப் பார்த்தால் புரியும் என்ற இறுமாப்பு வேறு. புரிந்தது உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பது பிளானில் வரைந்திருக்காது.

இடது பக்கம் ஒரு சீனப் பெரியவர். கடிகாரம் பழுது பார்ப்பவர், கட்டடமும் அவருடையதே. அத்தாவுக்கும் அவருக்கும் முப்பது வருடப் பழக்கம். அத்தாவை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார். சீனப் புத்தாண்டுக்கு அவர் ஊருக்குப் போனால் கடைச் சாவி எங்கள் கல்லாப்பெட்டியில் இருக்கும். வலது பக்கக் கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அதில் வாடகைக்கு இருப்பவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த தையல்காரர். பின்னால் சந்து, இருபதடிகூட இருக்காது. சந்துக்கு அப்பால் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு மக்சிக்கை எங்களுக்கு முகம் தெரியும், பேர் தெரியாது. இருபது வருடமாக எங்கள் பின்கதவும் அவர்கள் சமையலறைச் சன்னலும் நேருக்கு நேர்.

விண்ணப்பம் போட்டோம். பிளான் வரைபவர் நில அலுவலகத்தில் தேடி உரிமையாளர் பெயர்களைப் பட்டியல் எழுதினார். இடது, வலது, பின்புறம் மூன்று. எங்கள் வேலை முடிந்தது என்று இருந்தோம். அந்நாளில் தீவுக்கு லோக்கல் பிளான் அமலுக்கு வந்திருக்கவில்லை. சட்டப்படி கடிதங்கள் போயின.

அந்தக் கடிதம் அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முத்திரை போட்ட உறை. மலாயில் எழுதியது. அவருக்கு மலாய் பேச வரும், அலுவலக மலாய் படிக்க வராது. நடுவில் எங்கள் கம்பெனிப் பெயர், சென்டிரியான் பெர்ஹாட் என்ற வாலோடு. கூடவே ஒரு வரைபடம், அதில் அவர் நிலத்தின் லாட் எண். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். மகன் போனில், 'பக்கத்துக் கடைக்காரன் நம் நிலத்தை வைத்து ஏதோ செய்கிறான், உடனே எதிர்த்து எழுது' என்றிருக்கிறான். மகனைக் குறை சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மறுநாளிலிருந்து தேத்தண்ணீர் குடிக்க வரவில்லை. மேலுக்குச் சரியில்லை போல என்று இருந்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மன்றத்திலிருந்து எங்களுக்குக் கடிதம், ஆட்சேபம் வந்திருக்கிறது, விசாரணைக்கு வாருங்கள் என்று. யார் ஆட்சேபித்தது என்று பார்த்தபோது அத்தா கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். 'நீங்கள் போய்ச் சொல்லவில்லையா?' என்று ஒரே கேள்வி. சொல்லியிருப்போம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அத்தா சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கப்புறம் ஐந்து மாதம், ஐந்தடியில் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும், அத்தா எதிர்ச்சாரிக்கு மாறி வெயிலில் நடந்து போனார்கள்.

விசாரணையில் அவர் கத்தவில்லை, திட்டவில்லை. எழுந்து நின்று மலாயில் கேட்டார்: 'என் சுவரில் நாற்பது கடிகாரம் தொங்குகிறது. அந்தச் சுவருக்கு அந்தப் புறம் மோட்டார் ஓடினால் எந்தக் கடிகாரம் சரியாக ஓடும்? மிளகாய்த் தூள் பறந்தால் திறந்து வைத்த கடிகாரத்தை என்ன செய்வது?' அதிகாரி எங்களைப் பார்த்து மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டார். ஐந்து என்றோம். பிளானைத் திருப்பிக் காட்டினார். எந்திரத்தை அவருடைய சுவரோடு ஒட்டித்தான் வரைந்திருந்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை, மின்சார இணைப்பு அந்தச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

உட்காரும் முன் இன்னொன்றும் சொன்னார். 'பாய் மகன்கள் வந்து சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.' அந்த அறையில் அதற்குப் பிறகு பேச எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கணக்குச் சொல்கிறோம், வணிகர் கூட்டம் அல்லவா. பிளானை இரண்டு முறை மாற்றி வரைந்த கூலி, வாங்கி நிறுத்திய எந்திரத்துக்கு வைத்திருந்த இடத்தின் வாடகை, ஐந்து மாதம் வெளியே அரைத்த கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் வெள்ளிக்கு மேல். கடைசியில் அரைவையைப் பிறையில் ஒரு தொழிற்பேட்டை லாட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். தூசிக்கு இந்த வரிசையில் நல்ல வழி இல்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டோம். மேல்மாடிப் பொட்டலத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினோம், அவர் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பென்சிலால் கோடு போட்ட அன்றைக்கே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்கடி நடந்திருந்தால் இது எல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

மக்சிக் என்ன செய்தார் என்று கேட்கலாம். அவர் ஆட்சேபம் எழுதவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கதவைத் தட்டினார், 'இது என்ன, தம்பி?' என்று. முறைப்படி நாங்கள் தட்டியிருக்க வேண்டிய கதவு அவருடையது. அவர் சமையலறையில் உட்காரவைத்து கோப்பி கொடுத்தார். துணி காயப்போடும் கொடி சந்து ஓரத்தில், பேரனுக்கு மூச்சிரைப்பு, இரண்டையும் சொன்னார். மிளகாய்த் தூள் பறக்கிற சந்தில் இரண்டுமே நடக்காது. நாங்கள் எந்திரத்தை இடம் மாற்றியதற்குக் கடிகாரக்காரர் பாதிக் காரணம், அந்தப் பேரன் மீதிக் காரணம்.

தையல்காரர் கதை வேறு. அவருக்குக் கடிதமே வரவில்லை. ஏன்? கடிதம் உரிமையாளருக்கு மட்டும்தான். வாடகைக்கு இருப்பவரைச் சட்டம் அண்டை நிலத்தாராகக் கணக்கில் எடுப்பதில்லை. கம்பெனிக்குக் கடிதம் போனது. கம்பெனிக்குச் சுவருக்குப் பக்கத்தில் யார் எதை அரைக்கிறார் என்பது பொருட்டில்லை. நோன்புப் பெருநாளுக்கு வெள்ளை ஜுப்பாவும் பாஜூ மெலாயுவும் மாடி வரை தொங்கவிட்டிருக்கும் மனிதர் அவர். கடிகாரக்காரர் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரியும். ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நின்றுவிட்டு, எங்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகைக்காரர் எதைக் கேட்பது என்று நினைத்தாராம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு மேல் வாடகைக்காரர்கள்தாம். நம் பாட்டனார்கள் காலத்தில் ஜார்ஜ் டவுனில் கடை வைத்தவர்கள் அநேகமாக எல்லாரும் வாடகைக்காரர்கள். வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, யாரும் வெளியேற்றமாட்டார்கள் என்ற தைரியம் இருந்தது. 1999 முடிந்ததோடு அந்தக் கட்டுப்பாடும் முடிந்தது. எங்கள் அத்தா ஜெலுத்தோங்குக்கு வந்ததே அதனால்தான். வக்ஃப் வீடுகளில் இருப்பவர்களும் இதே நிலைதான். கப்பித்தான் கிளிங் பள்ளிக்கு 1801இல் கொடுக்கப்பட்ட 18 ஏக்கர் நிலத்திலிருந்து தொடங்கி, நம் சமூகத்தின் வரலாறே வக்ஃப் நிலத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் வக்ஃப் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால், அறிவிப்பு பத்திரத்தில் உரிமையாளராக இருப்பவருக்குத்தான் போகும். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அடுப்பெரிக்கும் குடும்பத்துக்குப் போகாது. அதனால் வாடகைக்காரர்கள் தங்கள் உரிமையாளரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்: அப்படி ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள் என்று. விண்ணப்பிக்கிற நாம், சட்டம் கேட்காவிட்டாலும் வாடகைக்காரர் கதவையும் தட்ட வேண்டும். தூசியும் சத்தமும் கிராண்டில் பேர் பார்த்து வருவதில்லை.

இதுவரை நாங்கள் விண்ணப்பித்த கதை. நாங்களே பக்கத்து நிலத்துக்காரர்களாக இருந்த கதை இதைவிட வெட்கக்கேடு. சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். சொல்கிறோம்.

செபராங் பிறையில் பாட்டனார் வாங்கிய நிலம் ஒன்று, அதில் ஒரு பலகை வீடு. பெரியத்தா குடும்பம் அங்கே இருக்கிறது. பாட்டனார் 1987இல் மௌத்தானார்கள். இன்றுவரை கிராண்ட் அவர்கள் பெயரில். பதினொரு வாரிசுகள், நால்வர் ராமநாதபுரம் பக்கத்தில். பாகம் பிரிப்பது பற்றிப் பெருநாள்தோறும் பேசுவோம், பிரியாணி ஆறுவதற்குள் பேச்சும் ஆறிவிடும். நில வரியும் வீட்டு வரியும் பாட்டனார் பெயரிலேயே வரும், நாங்களும் கட்டிவிடுவோம். வரி கட்டுவதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தோம்.

பக்கத்து லாட்டில் ஒருநாள் மண் லோரி வர ஆரம்பித்தது. மூன்றடிக்கு மண் கொட்டி மேடாக்கினார்கள். அப்புறம் பைலிங். அப்புறம் கிடங்கு எழும்பியது. மழை வந்தது. முன்பெல்லாம் தண்ணீர் அந்தத் தாழ்வில் போய்ச் சேரும். இப்போது தாழ்வு எங்கள் முற்றம்தான். பெரியத்தா வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெரியம்மா முஸஹஃபையும் கல்யாணப் படத்தையும் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

மன்றத்துக்கு ஓடினோம். கோப்பை எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் முறையாக இருந்தது. பக்கத்து நில உரிமையாளர் என்று பாட்டனார் பெயர். முகவரி, ஜார்ஜ் டவுனில் நாங்கள் 2000இல் காலி செய்த வாடகைக் கடை. பதிவுத் தபால் போயிருக்கிறது, 'பிண்டா' என்று எழுதித் திரும்பியிருக்கிறது. 21 நாள் போய்விட்டது. அவர்கள் மேல் என்ன தப்பு? பத்திரத்தில் இருப்பவருக்குத்தான் அனுப்ப முடியும். பத்திரத்தில் இருப்பவர் கபுருஸ்தானில் இருக்கிறார்.

இதில் இன்னொரு கொக்கி இருக்கிறது, இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள். ஆனால் யார் போகலாம்? விண்ணப்பித்தவர் போகலாம். 21 நாளில் ஆட்சேபம் கொடுத்த அண்டை நிலத்தார் போகலாம். ஆட்சேபமே கொடுக்காதவருக்கு அந்த வாசல் இல்லை. அந்த ஒரு கடிதத்தைத் தவறவிட்டால் அதற்கடுத்த கதவும் சேர்ந்து அடைபடுகிறது. வேறு வழிகள் இருக்கலாம், வழக்கறிஞர் வைத்து உயர்நீதிமன்றம் போகலாம், கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் ரிம்பா கியாரா பூங்காவுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2023இல் அனுமதியையே ரத்து செய்ய வைத்தார்கள். ஆனால் அது பல ஆண்டுப் போராட்டம், பல குடும்பங்கள் தோள் கொடுத்தது. பலகை வீட்டுக்காரப் பெரியத்தாவால் முடிகிற காரியமா?

கிடங்குக்காரர் நல்ல மனிதர் என்பது எங்கள் அதிர்ஷ்டம். நேரில் போய் நின்றோம், முற்றத்தைப் பார்க்க வந்தார், எல்லையில் ஒரு கால்வாய் வெட்டிக் கொடுத்தார். முழுதாகச் சரியாகவில்லை. பெருமழை என்றால் இன்னும் தண்ணீர் வரும். அந்த முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் மண்மேட்டையே வேறு மாதிரி அமைத்திருப்பேன் என்றார் அவர். கேட்டவுடன் எங்களுக்கு ஞாபகம் வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள், ஏனென்றால் வீட்டில் பத்திரப் பெட்டியின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. இன்றைக்குப் போய் அந்தக் கிராண்டை எடுத்துப் பாருங்கள். யார் பெயர்? உயிரோடு இருக்கிறாரா? முகவரி இப்போது குடியிருக்கும் இடமா? முகவரி மட்டும் தவறு என்றால் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாற்றலாம், அது எளிது. பெயர் மௌத்தானவருடையது என்றால் பாகப் பிரிவினை நடக்க வேண்டும். சிறிய சொத்து என்றால் அதற்கும் நில அலுவலகத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. வாரிசுகள் ஒத்துவரவில்லை என்று காத்திருந்தால் ஒத்துவர வேண்டியவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகி, பதினொன்று முப்பத்தைந்தாகும். எங்கள் வீட்டில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

லோக்கல் பிளான் என்று தொடக்கத்தில் சொன்னோம், அதையும் முடித்துவிடுவோம். ஒரு பகுதிக்கு லோக்கல் பிளான் அமலுக்கு வந்துவிட்டால், மேலே சொன்ன 21 நாள் கடிதம் அந்த உட்பிரிவின்படி கட்டாயமில்லை. எந்த நிலம் குடியிருப்பு, எந்த நிலம் வணிகம் என்பது பிளானிலேயே எழுதப்பட்டுவிடும். அப்படியென்றால் ஆட்சேபிக்க வாய்ப்பு எப்போது? வரைவுப் பிளானை மக்கள் பார்வைக்கு வைக்கும் நாட்களில்தான். பத்திரிகையில் விளம்பரம் வரும், மன்றத்தில் வரைபடம் தொங்கும். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? கல்யாண மண்டபத்தில் நாற்காலி வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிற அளவுக்குக்கூடப் போவதில்லை. நம் தெருவின் நிறம் அந்த வரைபடத்தில் மாறியிருந்தால், அதற்குப் பிறகு பக்கத்தில் எது வந்தாலும் நம் வீட்டுக்குக் கடிதம் வராமலே போகலாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஆட்சேபிக்கும் உரிமை இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் அதைத் தராசுக் கல்லாக எடுத்து எறிகிறார்கள். பக்கத்தில் இன்னொரு நாசி கண்டார் கடை வருகிறது, நம் வியாபாரம் படுத்துவிடும் என்பது ஆட்சேபத்துக்குக் காரணம் ஆகாது. வண்டி நிறுத்த இடம், புகை, சத்தம், தண்ணீர் வடிகால், வெளிச்சம் இவைதான் பேச வேண்டியவை. ரிஸ்க் அளப்பவன் அல்லாஹ். நாம் அதை மன்றத்துக் கடிதத்தில் எழுதித் தடுக்கப் பார்ப்பது நமக்கு அழகில்லை.

ஹஜ்ரத் அவர்கள் இருக்கும் மேடையில் மார்க்கம் பேச எங்களுக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் ஒன்று. அண்டை வீட்டார் தன் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கடைவீட்டு வரிசையில், ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்தில், இந்த ஹதீஸ் நம் ஆட்களுக்கு மனப்பாடம். நாங்களும் அந்த ஐந்து மாதத்தில் வீட்டுக்குள் இதைச் சொல்லிச் சொல்லிச் சமாதானப்பட்டோம், பாருங்கள், அவர் தடுக்கிறார் என்று. பிறகுதான் ஒன்று உறைத்தது. அது சுவர்க்காரருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. கட்டை பதிக்கப் போகிறவன் கையில் ஆயுதமாகக் கொடுத்தது இல்லை. கட்டை பதிக்கப் போகிறவனுக்கு, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதே என்று சொல்லும் ஹதீஸ்கள் தனியாக, நிறையவே இருக்கின்றன. அதைப் பற்றி அந்த ஐந்து மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

எப்படிப் போவது என்று கேட்கிறார்கள் இளைஞர்கள். பெரிய வித்தை இல்லை. பிளான் வரைபவர் முதல் கோடு போட்ட தாளையே எடுத்துப் போக வேண்டும், முடிவான பிளானை அல்ல. முடிவானதைக் காட்டினால் அவர்கள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, கேட்பதற்கு மட்டும்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் கூட வரட்டும். கையெழுத்து வாங்கும் தாளை முதல் நாளே நீட்டாதீர்கள். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் நேரத்தில் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும் நம்மிடையே நடக்கிறது. அது அறிவிப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. சுவர், தண்ணீர், நேரம், வண்டி, இந்த நான்கையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை அன்றிரவே எழுதி வையுங்கள். மன்றத்துக் கடிதம் பிறகு போகும், அது சட்டம். ஆனால் கடிதம் போகும் நாளைக்கு முன்னால், 'ஒரு உறை வரும், பயப்படாதீர்கள், இதுதான் அது' என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

கடைசியாக நம் சங்கத்தின் விஷயம். தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐம்பதாம் ஆண்டை ஒட்டி இந்தக் கட்டடத்துக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பி, பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பும் மதரஸாவும் வைக்க வேண்டும் என்று போன செயற்குழுவில் பேசினோம். பிளான் வரைபவரையும் பார்த்தாகிவிட்டது. நல்ல காரியம், நாங்களும் பணம் தருகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் இந்தத் தெருவைப் பாருங்கள். நம் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. எதிர்வீட்டு அம்மா காரை வெளியே எடுக்க முடியாமல் ஹார்ன் அடிப்பதை நாம் துஆ முடியும் வரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மாடி வந்தால் வாரத்துக்கு ஐந்து மாலை பிள்ளைகளை இறக்கி ஏற்றும் வண்டிகள் வரும். கொடுப்பது மதரஸாவுக்கு என்பதால் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. அவர்களில் ஒருவர்கூட நம் மார்க்கத்தவர் இல்லை. நம்மைப் பற்றி அவர்கள் முதலில் தெரிந்துகொள்வது மன்றத்துக் கடிதத்திலிருந்தாக இருந்தால், அது நமக்கு நல்லதில்லை.

இடது பக்கம் இரண்டு வீடு, வலது பக்கம் ஒன்று, எதிரில் மூன்று, பின்னால் ஒன்று. எண்ணிப் பார்த்தோம், ஏழு கதவு. வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு போகலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். பிளானின் முதல் நகலையும் கொஞ்சம் பலகாரமும் எடுத்துக்கொள்வோம். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். இன்னும் நான்கு பேர் வேண்டும். அதில் ஒருவருக்காவது ஹொக்கியன் பேச வர வேண்டும். கூட்டம் முடிந்ததும் கதவருகில் பெயர் கொடுங்கள்.